சுறாவில் யாரும் யூரியா போடவில்லை

ஆசிரியருக்கு வணக்கம். சந்தையில் வாங்கிய சுறாவில் மூக்கைத் துளைக்கும் நெடி வருகிறது, வியாபாரிகள் யூரியா உரம் கலக்கிறார்கள் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். யூரியா இருப்பது உண்மைதான், ஆனால் அது சுறாவின் சொந்தச் சரக்கு!

புரதம் செரிக்கும்போது உருவாகும் நைட்ரஜன் கழிவை வஞ்சிரம், சங்கரா மாதிரி மீன்கள் அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியே தள்ளிவிடும். அவற்றின் உடம்பைவிடக் கடல்நீரில் உப்பு அதிகம் என்பதால் உடம்பிலுள்ள நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும், அதை ஈடுகட்டக் கடல்நீரையே குடித்து மிச்ச உப்பைச் செவுளால் கழிக்கும். சுறாவின் வழி வேறு. கழிவை யூரியாவாக மாற்றி, நம் ரத்தத்தில் இருப்பதைப்போல 50 மடங்குக்கும் மேலாகத் தன் ரத்தத்தில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அதனால் உள்ளே இருக்கும் கரைசலின் அடர்த்தி கடல்நீருக்குச் சமமாக, ஏன், கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், நீர் வெளியே போகாது. இவ்வளவு யூரியா புரதங்களைக் கெடுக்காதா என்றால், டிரைமெத்தைலமீன் ஆக்சைடு என்ற இன்னொரு பொருள் அவற்றைக் காக்கிறது. பெயர்தான் வாயில் நுழையவில்லை.

சுறா செத்த பிறகு பாக்டீரியாக்கள் அந்த யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன. நெடி அதுதான். வியாபாரியிடம் சண்டை போடுவதென்றால் கலப்படத்துக்காக வேண்டாம், பழைய மீனை விற்றதற்காகப் போடுங்கள். புட்டுக்கு வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், யூரியா நீரில் நன்றாகக் கரையும்.

— ஒரு வாசகர், தூத்துக்குடி