இரண்டாம் பருவ முடிவில் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. தேர்வில் எல்லா வகுப்புகளும் ஓரளவு நன்றாகவே செய்திருக்கின்றன. குறள் ஒப்புவித்தலில் சின்னப் பிள்ளைகள் பெரியவர்களை முந்திவிட்டார்கள். கோலப் போட்டியை மழையால் கூடத்துக்குள் நடத்தினோம். தரையைக் கழுவிக் கொடுத்தவர்களுக்கு நன்றி. மூன்றாம் வகுப்புக்குப் புது மேசைகள் வந்துவிட்டன.

சரி, சுற்றுலாவுக்கு வருகிறேன்.

24 பிள்ளைகள், நான்கு ஆசிரியர்கள், இரண்டு வேன்கள், ஒரு வழிகாட்டி. நம் மொரீசியஸ் தீவு எரிமலைக் குழம்பில் உருவானது என்று பாடத்தில் படித்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் திட்டம். கியூர்பிப்பில் உள்ள திரூ ஓ செர்ஃப் பள்ளத்தை எட்டிப் பார்த்து, இது தூங்கும் எரிமலை என்று வழிகாட்டி சொன்னதும், "எப்போது எழுந்திருக்கும்?" என்று முதல் வகுப்பிலிருந்து கேள்வி வந்தது. இன்றைக்கு எழாது என்றார் அவர். வழியெல்லாம் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே குவிந்து கிடக்கும் கருங்கற்களையும் காட்டினார். எரிமலை கக்கிய பாறைகள் அவை. நிலத்தைத் திருத்தும்போது பொறுக்கிக் குவித்தவர்கள் கூலிகளாக வந்த நம் முன்னோர்களும்தான் என்று சொன்னபோது வேனில் சத்தமே இல்லை. தினமும் பள்ளிக்கு வரும் வழியில் பார்க்கிற கற்கள்தானே!

அந்த முதல் நிறுத்தத்திலேயே, நம் வேன்களுக்குப் பின்னால் நான்கு கார்கள் வந்து நின்றன. தற்செயல் என்று நினைத்தேன். கங்கா தலா புனித ஏரியிலும் அதே நான்கு கார்கள். உள்ளே நம் பெற்றோர் சிலர்.

கங்கா தலாவில் 108 அடிச் சிவனை அண்ணாந்து பார்க்க வேண்டிய பிள்ளைகளில் சிலர், கார்களுக்குப் பக்கத்தில் நின்று தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசனைக்குக் குரங்குகள் வந்தன. அதை இத்தோடு விடுகிறேன். பிளாக் ரிவர் பள்ளத்தாக்கில் வழிகாட்டி பேசிக்கொண்டிருக்கும்போதே "கண்ணா, இந்தப் பக்கம் பார்" என்று கைப்பேசியை நீட்டினார்கள். பாவம், அவர் மூன்று முறை பேச்சை நிறுத்தினார். பிள்ளையின் சந்தோஷத்தைப் பக்கத்திலிருந்து பார்க்க எந்தப் பெற்றோருக்குத்தான் ஆசை இருக்காது? நானும் தகப்பன்தான். பின்னால் வரக்கூடாது என்று நாங்கள் முன்கூட்டி எழுதிக் கொடுக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஷமரெலில் நடந்தது வேறு.

அதுவரை நாள் நன்றாகத்தான் போனது. சுமார் 100 மீட்டர் விழும் அருவியைப் பார்த்துவிட்டு ஏழு நிற மண்ணுக்கு வந்தோம். எரிமலைப் பாறை காலப்போக்கில் மக்கி மண்ணாகி, இரும்பு சேர்ந்த இடம் சிவப்பாகவும் அலுமினியம் சேர்ந்த இடம் நீலம், ஊதாவாகவும் தெரிகிறது என்று விளக்கினார் வழிகாட்டி. "காவடிக்குச் சாப்பிடும் ஏழு கறி மாதிரி" என்றாள் ஒரு பெண். எனக்குத் தெரிந்து இந்தப் பருவத்தின் மிகச் சிறந்த விடை அதுதான்.

வேனில் ஏற்றும்போது எண்ணினோம். 22.

மறுபடி எண்ணினோம். 22தான். ஓர் ஆசிரியை அருவி பார்க்கும் இடத்துக்கு ஓடினார். வழிகாட்டி மரவேலியைச் சுற்றி ஓடினார். நான் ஆமைகள் இருக்கும் இடத்தில் நின்று இரண்டு பெயர்களைக் கத்திக்கொண்டிருந்தேன். வீட்டு எண்களை அழைத்தோம், யாரும் எடுக்கவில்லை. 50 நிமிடங்கள் கழித்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. பிள்ளைகள் இருவரையும் கடற்கரைக்கு அழைத்துப் போயிருக்கிறார்களாம். கூட இருந்த பையனிடம் சொல்லி அனுப்பினார்களாம். அந்தப் பையனுக்கு எட்டு வயது. அவன் வேனில் ஏறிய உடனே தூங்கிவிட்டான்.

இதை ஒரு முறை கண்டிப்பாகவே சொல்கிறேன். பள்ளி அழைத்துச் செல்லும் பிள்ளையை, பொறுப்பில் இருக்கும் ஆசிரியரிடம் நேரில் சொல்லாமல் யாரும் அழைத்துப் போகக்கூடாது. பெற்றவராக இருந்தாலும் சரி, தாத்தா பாட்டியாக இருந்தாலும் சரி. இனி வேனில் ஏறிய பிள்ளை பள்ளி வாசலில்தான் இறங்கும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் முன்னதாக எழுதிக் கொடுத்து, அங்கே கையெழுத்தும் போட வேண்டும். மீறினால் அடுத்த சுற்றுலாவில் அந்தப் பிள்ளைக்கு இடம் கிடையாது. அந்த 50 நிமிடங்களில் அருவிப் பக்கம் ஓடிய ஆசிரியையின் முகத்தை நான் பார்த்தேன். இன்னொரு முறை பார்க்க விருப்பமில்லை.

அந்தத் தாமதத்தால் லெ மோர்ன் போகவில்லை. இப்போது ஆறு மணிக்குள் இருட்டிவிடுகிறது. தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த அந்த மலையடியில் உட்கார வைத்து, இங்கே அடிமை முறை ஒழிந்த 1835 பிப்ரவரி 1 பற்றிச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். விடுதலைச் செய்தியோடு வந்தவர்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்துச் சிலர் உச்சியிலிருந்து குதித்ததாக வழிவழியாகச் சொல்லும் கதை இருக்கிறதே, அதையும்தான். கடைசியில் காஸ் நோயாலுக்கு இறங்கும் வளைவில், வேன் சன்னல் வழியாக "அதோ" என்று காட்டினேன். இடப்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் தெரிந்தது.

சம்பந்தப்பட்ட பெற்றோர் மறுநாளே வந்து வருத்தம் தெரிவித்தார்கள். அதோடு அந்த விஷயம் முடிந்தது. யார் என்று பிள்ளைகளிடம் துருவ வேண்டாம். கூட வர விரும்புவோருக்கு அடுத்த முறை ஒவ்வொரு வேனிலும் ஓர் இடம் ஒதுக்குகிறோம். அப்புறம் பிள்ளைகளை எண்ணும் வேலையையும் அவர்களிடமே கொடுத்துவிடுவேன்!

மற்றபடி, உங்கள் ஒத்துழைப்பு இல்லாமல் இந்த நாள் நடந்திருக்காது. விடியற்காலையில் எழுந்து எல்லோருக்கும் காதோ பிமா பொரித்துக் கொடுத்த தாய்மாருக்கு நன்றி. ஊரிலிருந்து வந்த ஆசிரியர் அதைப் பருப்புவடை என்றே சொல்லி எட்டு சாப்பிட்டார். மலைச்சாலையில் வாந்தி எடுத்த பிள்ளைகளைப் பொறுமையாகக் கவனித்த ஓட்டுநர்களுக்கும் நன்றி. லெ மோர்னுக்கு மட்டும் அடுத்த பருவத்தில் அரைநாள் போகலாமா என்று ஆசிரியர்களோடு பேசி வருகிறேன்.

தமிழ் வாசிக்கச் சிரமப்படும் பெற்றோருக்கு இதன் பிரெஞ்சுப் பிரதி அலுவலகத்தில் இருக்கிறது. முதலில் பிள்ளையை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வேனில் கிடந்த ஒரு நீல ஸ்வெட்டர், இரண்டு தண்ணீர் பாட்டில்கள், இடது கால் செருப்பு ஒன்று என் மேசையில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்