வாழ்த்து அட்டைகள் தபாலில் போகட்டும்

தீபாவளி வாழ்த்து அட்டைப் போட்டி ஏற்பாட்டுக் குழுவினருக்கு, வணக்கம்.

கையால் செய்யும் வாழ்த்து அட்டைப் போட்டி இந்த வருடமும் சிலாங்கூரில் நம் ஊரான பெஸ்தாரி ஜெயாவில் நடக்கப்போகிறது என்று கேட்டதும் மனம் நிறைந்தது. உங்கள் உழைப்பை நான் அறிவேன். அந்த உரிமையில்தான் ஒன்றைக் கேட்கிறேன்.

போன வருடம் பரிசளிப்புக்கு மறுநாள், நாற்காலிகளை அடுக்க மண்டபத்துக்கு வந்திருந்தேன். சுவரில் ஒட்டியிருந்த அட்டைகள் குப்பைப் பையில் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பிரித்தேன். "தாத்தா, தீபாவளிக்கு வாங்க. முறுக்கு எடுத்து வச்சிருக்கோம்" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. அந்தத் தாத்தாவுக்கு அது போய்ச் சேரவே இல்லை. எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

இந்த முறை எல்லா அட்டைகளையும் தபாலில் அனுப்புங்கள். பரிசு பெற்றவை மட்டுமல்ல, எல்லாமே. ஒவ்வொரு பிள்ளையும் அட்டையோடு முகவரி எழுதிய ஓர் உறையையும் கொடுக்கட்டும். நடுவர்கள் பார்த்து முடித்ததும் உறையில் போட்டு, பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போதே அனுப்பிவிடலாம். தபால்தலைச் செலவில் என் பங்கைத் தருகிறேன்.

வாழ்த்து அட்டை பரவியதே தபாலோடுதான். இங்கிலாந்தில் 1840இல் ஒரு பென்னி காசுக்குக் கடிதம் அனுப்பும் தபால் முறை வந்தது. மூன்றே வருடத்தில், 1843இல், ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஹார்ஸ்லியை வரையச் சொல்லி முதல் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சிட்டார். எல்லாருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுத அவருக்கு நேரம் இருக்கவில்லை.

நம் கதை வேறு. ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்த காலத்தில் கடிதங்கள் அலுவலகத்துக்கு ஒரே கட்டாக வரும். கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், பெயர் சொல்லிக் கூப்பிடுவார். தீபாவளி நெருங்கினால் அந்தக் கட்டு பெருத்துவிடும். வந்த அட்டைகளை அம்மா நூலில் கோத்து தொழிலாளர் லயன் வீட்டு வாசலில் தொங்கவிடுவார். நாங்கள் அனுப்பியதெல்லாம் ரப்பர் இலை அட்டைதான். முற்றிய இலைகளை டிரம் தண்ணீரில் மூன்று நான்கு வாரம் ஊறவைப்போம். நாற்றம் தாங்காது! அப்புறம் பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்தால் சதை போய், வலை மாதிரி நரம்பு மட்டும் நிற்கும். அதைத் தமிழ் நேசன் நாளிதழ்த் தாளுக்குள் வைத்துக் காயவிட்டு, மணிலா அட்டையில் ஒட்டுவோம். இன்றைக்குச் சுற்றிலும் செம்பனை. ரப்பர் இலையைக் கையில் தொட்டுப் பார்க்காத பிள்ளைகள்தான் அதிகம். அவர்களுக்கு இதைக் காட்ட ஒரு சனிக்கிழமை காலை கொடுங்கள், நானே வந்து சொல்லித்தருகிறேன்.

நடுவர்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'வாழ்த்துகள்' என்பதில் ஒரு 'க்' கூடிவிட்டது என்று ஒரு முறை ஒரு சிறுமிக்கு மதிப்பெண் குறைத்தார்கள். தவற்றைத் திருத்திச் சொல்லிக்கொடுங்கள், அது வேண்டும்தான். ஆனால் கடையில் விற்கும் அட்டையைப் பார்த்து எழுதிய நாலு வரிக் கவிதையைவிட, பிள்ளை தானாக எழுதிய ஒற்றை வரிக்கு அதிக மதிப்பெண் போடுங்கள். கணினியில் செய்து அச்சடித்து வரும் அட்டைகளை இந்தப் போட்டியில் சேர்க்க வேண்டாம். அதற்கு வேறு போட்டி வைக்கலாம்.

முகவரி எழுதுவதையும் அன்றைக்கே சொல்லித்தரலாம். நம் ஊர் 2007இல் பெயர் மாறியது. ஆனாலும் பெரியவர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். தோட்டம் கைமாறிக் கிள்ளானுக்கும் ரவாங்குக்கும் போன நம் ஆட்கள், உறையின் பின்புறம் அனுப்புநர் முகவரியில் 45600 என்ற நம் ஊர் அஞ்சல் குறியீட்டைப் பார்த்தாலே எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வார்கள்.

இலை ஊற ஒரு மாதம் ஆகும். அதனால் அறிவிப்பைச் சீக்கிரம் போடுங்கள். வீட்டுக்குப் பின்னால் டிரம்மைக் கழுவி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
தோட்டத்தில் பிறந்து வளர்ந்த உங்கள் ஊர்க்காரன்