மறுபடியும் சொன்னவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

காதில் கேட்புக் கருவி மாட்டி இன்றோடு நான்கு மாதம் ஆகிறது. உங்களை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டிய நன்றி இது. நேரில் என்றால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும், சொல்ல நினைத்ததில் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதுகிறேன்.

காது மந்தமான ஒருவர் நாள் முழுக்கக் கேட்கிற பதில் எது தெரியுமா? "ஒண்ணுமில்லை, விடுங்க." சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள், என்ன விஷயம் என்று கேட்போம். ஒண்ணுமில்லை, விடுங்க. அப்படிச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒரே விஷயத்தை மூன்றாவது முறை சொல்லும்போது அதில் ருசி இருக்காது. ஆனால் ஒரு நாளில் பத்துமுறை இந்தப் பதிலைக் கேட்டால், அப்புறம் நாமே கேட்பதை நிறுத்திவிடுவோம். நான் நிறுத்திவிட்டேன். ஆறேழு வருடம் தலையாட்டியே காலத்தை ஓட்டினேன்.

என் காது ஒரே நாளில் போகவில்லை. 26 வருடம் அச்சகத்தில், ஓடுகிற இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றவன் நான். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாதாம். சத்தம் 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகிவிடும். 88 என்றால் 4 மணி நேரம்தான். இதெல்லாம் இப்போதுதான் தெரிந்தது. அந்த நாட்களில் வேலை முடிந்து வந்தால் காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு இரைச்சல் இருக்கும், காலையில் அடங்கிவிடும். அடங்கிவிட்டதே என்று விட்டுவிட்டேன். இப்போது இயந்திரங்களுக்கு நடுவில் வேலை பார்க்கிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், காதடைப்பானைக் கழற்றாதீர்கள் அப்பா.

முதல் நன்றி என் மனைவிக்கு. பின்னாலிருந்து கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை என்பதை முதலில் கவனித்தவள் அவள்தான். நாலு பேர் கூடுகிற இடத்தில் என் தோளை ஒட்டி உட்கார்ந்து, மற்றவர்கள் பேசுவதை ஒவ்வொரு வரியாக என் காதில் சொல்லிக்கொண்டே இருப்பாள். தானும் கேட்டு ரசிக்க வேண்டிய பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு இத்தனை வருடம் அவள் இதைச் செய்திருக்கிறாள் என்பது எனக்கு வெகு தாமதமாகத்தான் உறைத்தது.

அடுத்து என் பேத்திக்கு. அவளுக்கு ஆறு வயது. ஒரு நாள் வாயில் விரலை வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "தாத்தா, கல்லு…" என்றுதான் என் காதில் விழுந்தது. "கல்லை எல்லாம் வாயில வைப்பாங்களா, துப்பு" என்று அதட்டிவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போனது. திரும்பிப் போனாள். வாசல் வரைக்கும் போனவள் மறுபடி வந்தாள். என் முகத்துக்கு நேராக நின்று, வாயைத் திறந்து, கீழ்வரிசை முன்பல்லை விரலால் ஆட்டிக் காட்டினாள். "பல்லு ஆடுது தாத்தா." அவளுடைய முதல் பல். ஒண்ணுமில்லை என்று சொல்லாமல் அந்தக் குழந்தை திரும்பி வந்ததே, அதனால்தான் அடுத்த வாரமே நான் காதைச் சோதிக்கக் கிளம்பினேன்.

அதற்கும் முன்னால் ஒரு இடத்தில், வயதானால் இப்படித்தான் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். இந்தமுறை பார்த்த செவித்திறன் நிபுணர் அப்படிப்பட்டவர் இல்லை. கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு தாளால் தன் வாயை மறைத்துக்கொண்டு மூன்று சொற்களைச் சொன்னார், எழுதச் சொன்னார். மூன்று தடவையும் 'தட்டு' என்று எழுதினேன். அவர் சொன்னது தட்டு, கட்டு, பட்டு. "உங்களுக்குச் சத்தம் கேட்கிறது, சொல்தான் கேட்கவில்லை" என்றார். 'அ', 'உ' போன்ற உயிரொலிகள் பலமானவை, தாழ்ந்த அதிர்வெண்ணில் வருகின்றன. க, ச, த, ப என்று சொல்லைப் பிரித்துக் காட்டுகிற ஒலிகளோ மெலிந்தவை, அவற்றின் கூர்மை உயர் அதிர்வெண்ணில் இருக்கிறது. என் ஆடியோகிராமில், அதாவது காதுச் சோதனை வரைபடத்தில், கோடு தாழ்ந்த 500 ஹெர்ட்ஸ் அதிர்வெண் வரைக்கும் ஒழுங்காக வந்து, உயர்ந்த 4000 ஹெர்ட்ஸில் பள்ளத்தில் விழுந்திருந்தது. உட்செவியில் ஒலியை வாங்குகிற நுண்மயிர் செல்கள் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000தான் இருக்கின்றன, மனிதனுக்கு அவை போனால் மறுபடி முளைப்பதில்லை என்பதையும் அவரே சொன்னார். கத்திப் பேசினால் உயிரொலிதான் பெரிதாகும், சொல் தெளியாது என்று வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினார். அன்றைக்குத்தான் வீட்டில் கத்தல் நின்றது, முகம் பார்த்துப் பேசுவது ஆரம்பமானது.

கருவி மாட்டிய முதல் நாள் ஃப்ரிட்ஜின் உறுமல், தாள் சரசரப்பு, என் சட்டை உரசுவது, நான் மெல்லுவது எல்லாம் ஒரே நேரத்தில் மேலே வந்து விழுந்தன. கழற்றி வைத்துவிட்டேன். எதைக் கேட்பது, எதை ஒதுக்குவது என்று மூளை மறுபடி பழகச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட ஆகும் என்று அந்த நிபுணர் பொறுமையாகச் சொல்லி, மூன்றுமுறை வரவழைத்து அளவைச் சரிசெய்து கொடுத்தார். நிபுணர் அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

அலுவலகத்தில் ஒரு தம்பி இருக்கிறார். என் நாற்காலியை ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டவர் அவர். வெளிச்சம் பேசுகிறவர்கள் முகத்தில் விழும், எனக்கு உதடு தெரியும். மருந்துக் கடையில் ஒரு பெண், நான் கேட்காமலேயே 'காலை 1, இரவு 1' என்று எழுதித் தாளை என் பக்கம் திருப்பிவைத்தார். நடைப்பயிற்சிக்கு வருகிற நண்பர் இரண்டு வருடமாக என் இடதுபக்கம்தான் நடக்கிறார். அது எனக்கு நன்றாகக் கேட்கிற பக்கம். ஏன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, நானும் போன மாதம்தான் கவனித்தேன்.

நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இன்னும் தடுமாறுகிறேன். சாயங்காலத்துக்குள் தலை களைத்துப் போகிறது. போனிலும் சிரமம் இருக்கிறது. முதலில் ஒரு வரி செய்தி அனுப்பிவிட்டு அழையுங்கள், கட்டாயம் எடுக்கிறேன்.

நேற்று ராத்திரி விளக்கை அணைத்தபிறகு மனைவி ஏதோ சொன்னாள். கருவியைக் கழற்றி வைத்திருந்தேன், இருட்டில் உதடும் தெரியாது. முன்பெல்லாம் 'ம்' என்று சொல்லித் திரும்பிப் படுத்துவிடுவேன். தடவி எடுத்து மாட்டிக்கொண்டு, "என்னம்மா?" என்றேன்.

"குழாய் சொட்டுதுங்க. கேக்குதா?"

கேட்டது. எழுந்து போய் மூடிவிட்டு வந்தேன்.

நன்றியுடன்,
உங்கள் பழைய அச்சகக்காரன்