தோள்வலியைப் பற்றித் தமிழில் ஒரு தாள் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் பள்ளி ஆசிரியை நான். வயது 48. சர்க்கரையும் மூட்டுவலியும் முற்றியதால், புதுச்சேரியில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக் குறைப்புக்காக லேப்ராஸ்கோப்பி முறையில் இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். சிகிச்சையில் எனக்குக் குறையே இல்லை. வீட்டுக்குப் போன பிறகு வலி எப்படியிருக்கும் என்று எங்களுக்குப் புரியும்படி எவரும் சொல்லவில்லை. குறை அது ஒன்றுதான்.

"ஐந்து சின்னத் துளைகள்தானம்மா" என்றார்கள். துளை சிறியதென்றால் வலியும் சிறியதாக இருக்கும் என்று நம்பினேன். மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். அரியாங்குப்பம், தவளக்குப்பம் என்று ஒவ்வொரு வேகத்தடையிலும் தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்தபடி வந்து சேர்ந்தேன். அன்றிரவு இரண்டு மணிக்கு வலது தோளில் கத்தி இறக்கியதைப் போன்ற வலி. கத்தி வைத்தது வயிற்றில், வலிப்பதோ தோளில்! மாரடைப்போ என்று கணவர் நடுங்கிவிட்டார். மாமியார் தைலம் தேய்த்தார். தம்பி ஓடிப்போய் இரவு முழுக்கத் திறந்திருக்கும் மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி வந்தான். அது டைக்ளோபினாக். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. சீட்டும் கேட்கவில்லை, யாருக்கு என்றும் கேட்கவில்லை.

விழுங்குவதற்கு முன் மருத்துவமனைக்குப் போன் செய்தது என் நல்ல காலம். பணியில் இருந்த செவிலியர் சொன்ன முதல் வார்த்தை, "அதைப் போடாதீங்க" என்பதுதான். பிறகு பொறுமையாக விளக்கினார். அறுவை சிகிச்சையின்போது வயிற்றை உப்ப வைக்கக் கரியமில வாயுவைச் செலுத்துகிறார்கள். மிச்சமிருக்கும் வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்துக்கு வரும் நரம்பு கழுத்திலிருந்து இறங்குவதால், அந்த உறுத்தல் தோள்வலியாகத் தெரிகிறது. பெரும்பாலும் சில நாட்களில் தானே அடங்கிவிடும். படுத்தே கிடக்காமல் எழுந்து மெல்ல நடக்கச் சொன்னார். கணவர் கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை கூடத்திலேயே நடந்தேன். ஐந்தாம் நாள் தோள்வலி போய்விட்டது.

டைக்ளோபினாக், இபுப்ரோபென் போன்ற மாத்திரைகள் இரைப்பையின் உட்சுவருக்கு இருக்கும் இயற்கைப் பாதுகாப்பைக் குறைத்துவிடும். வெட்டித் தைத்த இரைப்பையில் புண்ணும் ரத்தக் கசிவும் வரலாம். இரைப்பை பைபாஸ் (உணவு இரைப்பையின் பெரும்பகுதியைத் தாண்டிப் போகும்படி மாற்றும் அறுவை சிகிச்சை) செய்துகொண்டவர்கள் பொதுவாக வாழ்நாள் முழுவதும் இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்கிறார்கள். எங்களுக்கு உரியது மருத்துவர் சொன்ன அளவில் பாரசிட்டமால். அதிலும் கவனம் தேவை. கடையில் கிடைக்கும் பல கலவை மாத்திரைகளில் பாரசிட்டமாலும் சேர்ந்தே இருக்கிறது, தெரியாமல் இரட்டிப்பாகிவிடும். என்னைப் போல் தூக்கத்தில் மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கு, மயக்கம் தரும் கடுமையான வலிமருந்துகள் மூச்சையே மந்தமாக்கக்கூடும்.

வாயு வலி என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிடவும் கூடாது. வயிற்றுவலி நாளுக்கு நாள் குறையாமல் கூடினால், காய்ச்சல் வந்தால், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டியே நின்றால், உள்ளே இரைப்பைத் தையலில் கசிவு இருக்கலாம். அப்போதும், ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இவ்வளவும் என் டிஸ்சார்ஜ் தாளில் இருந்ததோ என்று பிறகு எடுத்துப் பார்த்தேன். மாத்திரை பற்றிய எச்சரிக்கை ஒரே வரியில், ஆங்கிலத்தில், சுருக்கெழுத்தில் இருந்தது. இரவு இரண்டு மணிக்கு அதைப் படிக்க வேண்டியவர்கள் என் மாமியாரும் தம்பியும். லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் இடத்தில் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்க என்ன செலவாகிவிடும்? கடலூரிலும் புதுச்சேரியிலும் உள்ள மருத்துவமனைகள் இதை உடனே செய்ய வேண்டும். மருந்துக் கடைக்காரர்களும் "அண்மையில் ஆபரேஷன் ஆனவருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

என் அண்ணிக்கு அடுத்த மாதம் இதே அறுவை சிகிச்சை. செவிலியர் சொன்னதையெல்லாம் முழுத்தாளில் பெரிய எழுத்தில் எழுதி, மருத்துவமனையின் தொலைபேசி எண்ணையும் சேர்த்து, அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.