வீட்டோடு இருக்கும் முதியவர்களுக்குப் பருப்பும் முட்டையும் கேட்டு மறுபடியும் ஒரு மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
ஊர் முதியவர்கள் சார்பாக.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: ரேஷனில் வர வேண்டிய துவரம்பருப்பு, நடமாட முடியாத முதியவர்கள் கைக்கு வந்து சேராதது, உதவித்தொகை வாங்கும் முதியோருக்கு மதியச் சாப்பாட்டோடு முட்டை வழங்கக் கோருவது தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள்களில் முன்பு கொடுத்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கீழ்பவானி வாய்க்காலின் கடைமடைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரைத் தங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மதகு பார்க்க வந்தபோது தங்கள் ஜீப் நின்ற இடம் எங்கள் மாகாளியம்மன் கோயில் முன்புதான். மேற்கே ஒத்தப்பனை தாண்டினால் பஸ் நிற்கும் ரோடு, ரோட்டுக்கு அந்தப்பக்கம் பெரிய ஊர், ரேஷன் கடை அங்கே. அந்த ரோட்டில் மில் வண்டிகளும் கோழி லாரிகளும் போகிற வேகமும் தங்களுக்குத் தெரியும்.

ஊரில் பாதி வீடுகளில் இப்போது வயதானவர்கள் மட்டும்தான். பிள்ளைகள் திருப்பூரில் பனியன் கம்பெனியிலோ கோயமுத்தூரில் பட்டறையிலோ இருக்கிறார்கள். நோம்பிக்கு வருவார்கள், போவார்கள். பெற்றவர்களைக் கைவிட்டவர்கள் என்று யாரையும் சொல்ல மாட்டேன். அங்கே வாடகை கொடுத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, அதற்குமேல் அவர்களுக்கும் முடிவதில்லை. ஆகவே இங்கே இருப்பவர்கள் உதவித்தொகையையும் ரேஷனையும் நம்பித்தான் இருக்கிறார்கள். எங்கள் குறைகளைக் கீழே வரிசையாகத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

1. சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் ஒரு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு, விலை 30 ரூபாய். 2007 முதல் இருக்கும் திட்டம் இது. வெளிக்கடையில் அதே பருப்பு கிலோ நூறு ரூபாய்க்கு மேல். உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது; அதற்கு நன்றி. ஆனால் அதில் கரண்ட், கேஸ், மூட்டுவலி மாத்திரை, டவுனுக்குப் போக பஸ், ஊர்ச் சீர், மொய் எல்லாம் போக, பருப்பு வாங்க மிஞ்சுவது என்ன என்பதைத் தாங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

2. 2025 ஆகஸ்டில் முதல்வரின் தாயுமானவர் திட்டம் வந்தது. எழுபது வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வாசலிலேயே ரேஷன். வண்டி முதன்முதலில் கோயில் முன்பு வந்து நின்றபோது ஒரு பாட்டி அதற்குத் திருநீறே பூசிவிட்டார். வண்டி இன்றைக்கும் வருகிறது. பொய் சொல்லக் கூடாது, அரிசி வருகிறது, சர்க்கரை வருகிறது. பருப்பு மட்டும் வருவதில்லை. "ஸ்டாக் வரலீங்க ஆத்தா, வந்ததும் கடையில வந்து வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நடக்க முடியாதவர் என்பதால்தானே ஐயா வண்டி வீட்டுக்கு வருகிறது? அவரையே கடைக்கு வரச் சொன்னால் அது என்ன திட்டம்?

3. இதுதான் முக்கியமான குறை. இதை மட்டுமாவது தயவு செய்து முழுதாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

பருப்புக்காகக் கடைக்குப் போக வேண்டும் என்றால் அந்த ரோட்டைத் தாண்ட வேண்டும். சரி, தாண்டியும் போகிறார்கள். கடையில் கைரேகை விழாது. வாழ்நாள் முழுக்க மண்வெட்டி பிடித்த கையில் ரேகை எங்கே இருக்கும்? அப்புறம் கண்ணைக் காட்டச் சொல்வார்கள். கண்புரை அறுவை செய்த கண்ணை மிஷின் சில நேரம் எடுக்கும், சில நேரம் எடுக்காது. எடுத்தாலும் பருப்பு தீர்ந்திருக்கும். வேறு ஆளை அனுப்பினால் அதற்கு எழுதிக் கொடுக்கப் படிவம். படிவம் கொடுத்து அனுப்பினால் "நேத்தே முடிஞ்சுதுங்க".

இதையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். பொறுக்க முடியாத சங்கதி வேறு. எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் எழுபத்தெட்டு வயது ஆத்தா ஒருவர் தனியாக இருக்கிறார். கார்டில் பதிந்திருக்கும் போன் நம்பர் திருப்பூரில் இருக்கும் மகனுடையது. மாதக் கடைசியில் அவருக்கு மெசேஜ் வருகிறது: அரிசி, சர்க்கரை, துவரம்பருப்பு ஒரு கிலோ வழங்கப்பட்டது என்று. மகன் போன் செய்து, "அம்மா, பருப்பு வாங்கிட்டீங்களாட்ட இருக்குது, நல்லா ஆக்கிச் சாப்பிடுங்க" என்கிறார். இந்த அம்மாவும் மகன் மனசு கஷ்டப்படக் கூடாது என்று "ஆமா கண்ணு" என்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பருப்பு டப்பாவில் இருந்தது வரமிளகாய். அன்றைக்கு அடுப்பில் இருந்தது அரிசிம்பருப்புச் சோறு. நம் பக்கத்துச் சாப்பாடு, தாங்களும் சாப்பிட்டிருப்பீர்கள். அரிசி, தக்காளி, பூண்டு, மஞ்சள்தூள், கறிவேப்பிலை எல்லாம் இருந்தது. பருப்பு ஒரு மணிகூட இல்லை. மஞ்சள்தூள் போட்டால் பார்வைக்கு அப்படியே இருக்கிறது ஐயா, ஏமாந்துவிடலாம்.

அந்த மெசேஜில் சொன்ன ஒரு கிலோ எங்கே போனது? நான் யார் மேலும் பழி போடவில்லை. விற்பனையாளருக்கும் மேலிருந்து முழு மூட்டை வருவதில்லை என்று சொல்லக் கேள்வி. அப்படியானால் பில்லில் மட்டும் எப்படி வருகிறது? இதைத்தான் முன்பு கொடுத்த மனுக்களிலும் கேட்டேன். கீழே உள்ள அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது என்று ஒரு மெசேஜ், முடித்து வைக்கப்பட்டது என்று இன்னொரு மெசேஜ். கடைசியில் தபாலில் ஒரு பதிலும் வந்தது: "நியாயவிலைக் கடைகளில் துவரம்பருப்பு தட்டுப்பாடின்றி வழங்கப்பட்டு வருகிறது எனத் தெரிவிக்கப்படுகிறது." தெரிவித்ததற்கு நன்றி. ஆத்தா வீட்டு டப்பாவுக்கும் அதை ஒருமுறை யாராவது தெரிவித்தால் தேவலை.

4. ஒரு கிலோ பருப்புக்கு இவ்வளவு எழுதுகிறாளே என்று தாங்கள் நினைக்கக்கூடும். சத்துணவு மையத்தில் ஆயுசில் பெரும்பகுதி அளந்து போட்டவள் நான், அதனால் கணக்காகவே சொல்கிறேன். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு அளவுப்படி, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். அந்த ஆத்தா 45 கிலோ; அவருக்கு 37 கிராம் ஆகிறது. வயதானவர்கள் உடம்பு புரதத்தை முன்போல் எடுத்துக்கொள்ளாது, அவர்களுக்குக் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையக் கூடாது என்று முதியோர் மருத்துவம் பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 45 கிராம்.

அவர் சாப்பிடுவது இதுதான்: காலையில் டீ, வறுக்கி. மதியம் சோறு, ரசம். ராத்திரி மிச்சச் சோற்றில் மோர் ஊற்றி, தொட்டுக்க ஊறுகாய். நாள் முழுக்க 150 கிராம் அரிசி என்று வைத்தாலும் அதில் 11 கிராம் புரதம்தான். டீயில் விட்ட பால், மோர், வறுக்கி எல்லாம் சேர்த்தாலும் 20 கிராம் தாண்டாது. பாதிதான் ஐயா. ரேஷன் பருப்பு ஒழுங்காக வந்தால் நாளைக்கு 33 கிராம் பருப்பு, அதில் 7 கிராம் புரதம். கூட ஒரு முட்டை இருந்தால் இன்னும் 6. அப்போதும் குறைகிறது, ஆனாலும் கிட்டத்தில் வந்துவிடுகிறது.

வயிறு காயவில்லை என்பதால் இது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. சோறு வயிற்றை நிரப்பிவிடுகிறது. தேய்வது சதை. முதலில் தொடைச்சதை போகும். கட்டிலிலிருந்து எழ இரண்டு கையும் ஊன்ற வேண்டி வரும். அப்புறம் பாத்ரூம் வாசற்படியில் தடுமாற்றம், விழுந்தால் இடுப்பெலும்பு. அதற்கப்புறம் படுக்கைதான். "வயசாச்சு, அப்படித்தான்" என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். எழுபத்தைந்திலும் கொத்துவேலைக்குப் போகிறவரும் இதே ஊரில் இருக்கிறார். அவர் வீட்டில் எருமை இருக்கிறது, கோழி இருக்கிறது, மருமகள் கூடவே இருந்து ஆக்கிப் போடுகிறாள்.

பாலைக் குடிக்கட்டுமே என்பார்கள். மாடு வைத்திருப்பவர்களும் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வரக்காப்பிதான் குடிக்கிறார்கள். தீவனக்காசு கட்ட வேண்டாமா? கொள்ளு, தட்டப்பயிறு எல்லாம் நம் பூமியில் விளைவதுதானே என்பார்கள். விளைந்தது, இப்போது காட்டில் தண்ணியும் இல்லை, களை எடுக்க ஆளும் இல்லை. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழி சொல்லிச் சிரிக்கிறார் எங்கள் ஊர் டீக்கடைக்காரர். பழமொழி பார்த்து யாரும் கொள்ளை விடவில்லை, விலை பார்த்துத்தான் விட்டார்கள்.

5. முட்டை. நாமக்கல் முட்டை ஊர் ஊராக, கேரளாவுக்கும் கப்பலேறி வெளிநாட்டுக்கும் போகிறது. லாரி எங்கள் ரோட்டு வழியாகத்தான் போகிறது. சத்துணவுத் திட்டம் 1982இல் குழந்தைகளுக்காகத் தொடங்கியது. அடுத்த வருசமே உதவித்தொகை வாங்கும் முதியோரையும் அதில் சேர்த்தார்கள். அந்தச் சாப்பாட்டை என் கையாலேயே போட்டிருக்கிறேன். குழந்தைகளுக்கு வாரம் ஒரு முட்டை என்றிருந்து, பிறகு ஐந்து நாளும் முட்டை என்று ஆனதைப் பார்த்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றேன். எங்கள் மையத்தில் அதே வரிசையில் தட்டோடு வந்த பெரியவர்களுக்கு முட்டை இல்லை; சோறும் குழம்பும்தான். குழந்தைகளுக்குப் போடும்போது அந்தப் பெரியவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். எனக்குக் கை கூசும், ஆனாலும் எண்ணிக் கொடுத்த முட்டை, என்ன செய்ய முடியும்? இப்போது மையத்துக்கு நடந்து வருபவர்களே ஒருவர் இருவர்தான். மற்றவர்களுக்கு அந்தச் சாப்பாடும் இல்லை.

பல் இல்லாதவர்களுக்குக் கறி வேண்டாம் ஐயா, கடிக்க முடியாது. முட்டை வேண்டும். வேகவைத்து மசித்துக் கொடுத்தால் யாரும் சாப்பிடுவார்கள். வேண்டாம் என்கிற சைவக்காரர்களுக்கு வறுத்துப் பொடித்த நிலக்கடலை கொடுக்கலாம்; ஒரு கைப்பிடியில் ஏழு கிராம் புரதம் இருக்கிறது.

6. மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் தவறாமல் வீட்டுக்கு வருகின்றன. கொண்டு வரும் அந்தப் பெண் தங்கமான பெண். மாத்திரை வர முடிகிற வாசலுக்குப் பருப்பு வர முடியாதா?

ஆகவே தங்களிடம் கேட்பது: தாயுமானவர் வண்டியில் பருப்பும் சேர்த்தே ஏற்றி வர வேண்டும். அந்த மாதம் ஸ்டாக் இல்லை என்றால் பில்லும் போடக் கூடாது, மெசேஜும் போகக் கூடாது. அடுத்த மாதம் இரண்டு கிலோவாகத் தர வேண்டும். இது தங்கள் ஒரு உத்தரவில் நடக்கக் கூடியது. முட்டை விஷயம் அரசு முடிவு செய்ய வேண்டியது என்பது எனக்கும் தெரியும். உதவித்தொகை வாங்கும் முதியோருக்கு வாரம் மூன்று முட்டையாவது, நடக்க முடியாதவர்களுக்கு மகளிர் குழு மூலமாக வீட்டுக்கே சாப்பாட்டோடு கொடுக்கும்படி தாங்கள் அரசுக்குப் பரிந்துரை எழுத வேண்டும். மாத்திரை கொண்டு வரும் பெண் கையில் ஒரு எடை மிஷினும் கொடுத்து, மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துக்கொள்ளச் சொல்லலாம். யார் இளைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும். கிட்னிக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு அவர்களுக்குத் தனியாக அளவு வைக்கட்டும்.

எல்லாம் ஒன்றாக நடக்காது என்றால் பருப்பாவது நடக்கட்டும். வரும் மாத வண்டியிலேயே நடக்கட்டும் ஐயா. தாங்கள் யாரையாவது நேரில் அனுப்பி விசாரிக்கச் சொன்னால், கடையில் ஸ்டாக் புத்தகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். எங்கள் ஊருக்குள் வந்து நாலு வீட்டில் டப்பாவைத் திறந்து பார்க்கட்டும். வழி காட்ட நான் வருகிறேன். இந்த மனுவுக்குப் பதில் அனுப்புவதாக இருந்தால், தட்டுப்பாடின்றி வழங்கப்படுகிறது என்ற அந்தப் பழைய கடிதத்தையே தேதி மாற்றி அனுப்ப வேண்டாம் என்று மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்

இணைப்பு: முந்தைய மனுக்களின் ரசீது நகல்கள், முதியவர்களின் கையொப்பமும் கைநாட்டும். (கைநாட்டு சில தெளிவாக விழவில்லை, காரணம் மூன்றாவது குறையில் எழுதியிருக்கிறேன்.)