காவல் சீர்திருத்தத்தை மக்களிடம் யார் சொல்வது?

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

காவல்துறைச் சீர்திருத்தம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காவல்துறையை அரசியல் தலையீட்டிலிருந்து விடுவிக்கவும் பதில் சொல்ல வைக்கவும் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட ஏழு உத்தரவுகளையும், மாநில அரசுகள் அவற்றிலிருந்து எப்படியெல்லாம் நழுவின என்பதையும் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் இந்தப் பேச்சில் எப்போதும் விட்டுப்போகிற ஒன்று அதிலும் விட்டுப்போயிருக்கிறது. சீர்திருத்தம் வந்தால் மனுவோடு ஸ்டேஷன் வாசலில் நிற்கிறவருக்கு என்ன மாறும் என்று மக்களுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பை இந்த நாட்டில் யாரிடமும் கொடுக்கவே இல்லை. அரசுகள் இவ்வளவு காலம் துணிந்து சும்மா இருப்பதற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். மக்கள் கேட்காத ஒன்றைச் செய்யாமல் விட்டால் எந்தக் கட்சிக்கும் ஒரு ஓட்டுகூடக் குறையாது.

1977-ல் தர்மவீரா தலைமையில் தேசிய காவல் ஆணையம் அமைத்தார்கள். எட்டு அறிக்கைகள் கொடுத்தார்கள். முன்னாள் டிஜிபி பிரகாஷ் சிங் 1996-ல் வழக்குப் போட்டார், தீர்ப்பு வர 2006 செப்டம்பர் 22 ஆகிவிட்டது. முன்னும் பின்னுமாக ரிபெய்ரோ குழு, பத்மநாபையா குழு, நீதிபதி கே.டி. தாமஸ் குழு. இத்தனையும் நீதிபதிகளும் உள்துறைச் செயலாளர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டவை. அந்தத் தீர்ப்புக்கு முந்தைய வருஷம் வந்ததுதான் தகவல் அறியும் உரிமைச் சட்டம். கிராமத்தில் பட்டாவுக்கு அலைகிறவருக்கும் அந்தச் சட்டத்தின் பெயர் தெரியும், ஏனென்றால் பொதுத் தகவல் அலுவலர் யார், மேல்முறையீடு யாரிடம் என்று அலுவலகச் சுவரிலேயே பலகை இருக்கிறது, போட்டுப் பார்த்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார்கள். காவல்துறைப் புகார் ஆணையம் என்று ஒன்று இருக்க வேண்டும் என அதற்கு அடுத்த வருஷமே உச்ச நீதிமன்றம் சொன்னது எத்தனை பேருக்குத் தெரியும்?

தெரியாததால் என்ன ஆயிற்று என்பதற்குத் தமிழ்நாட்டின் 2013-ஆம் ஆண்டு காவல் சீர்திருத்தச் சட்டமே சாட்சி. மாநில அளவில் ஓய்வுபெற்ற நீதிபதி, மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் புகார் ஆணையம் வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு. நம் சட்டத்தில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், மாவட்டத்துக்குக் கலெக்டர், கூடவே டிஜிபியும் எஸ்.பி.யும் உறுப்பினர்கள். போலீஸ் மேல் புகார் கொடுக்கிறவர் போலீஸ் அதிகாரி உட்கார்ந்திருக்கும் மேசைக்கே போக வேண்டும்! இதை எதிர்த்து வழக்குகள் நடந்தன, சரி, ஆனால் தெருவில் ஒரு சலசலப்பும் இல்லை. அப்புறம் 2025 ஆகஸ்ட் கடைசியில் முழுநேர டிஜிபியை நியமிக்காமல் பொறுப்பு டிஜிபி நியமனம் வந்தது. அப்படிப் பொறுப்பில் யாரையும் போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லியிருந்தும், பெரும்பாலானவர்கள் அதை அதிகாரிகளின் சீனியாரிட்டிச் சண்டையாகத்தான் படித்தார்கள். ஒரு டிஜிபிக்கோ இன்ஸ்பெக்டருக்கோ இரண்டு வருஷம் உறுதியான பதவிக்காலம் இருந்தால்தான் உள்ளூர்ப் புள்ளியின் போனுக்குப் பயப்படாமல் உங்கள் மனுவை எடுப்பார் என்ற இணைப்பை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

நீதிமன்றம் இதை உணராமல் இல்லை. கைது செய்யும்போது கடைப்பிடிக்க வேண்டிய பதினோரு விதிகளை டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் வகுத்தபோதே, அவற்றை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கண்ணில் படும்படி வைக்க வேண்டும், அகில இந்திய வானொலியிலும் தூர்தர்ஷனிலும் சொன்னால் நல்லது, உள்ளூர் மொழியில் துண்டுப் பிரசுரம் அடித்து விநியோகிக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு தகவல் தொடர்புத் திட்டத்தின் எலும்புக்கூடே அதில் இருக்கிறது. 2020 டிசம்பரில் சிசிடிவி பற்றிய பரம்வீர் சிங் சைனி தீர்ப்பிலும், இங்கே கேமரா இருக்கிறது, மனித உரிமை மீறப்பட்டால் இன்னின்னாரிடம் புகார் செய்யலாம் என்று ஸ்டேஷன் வாசலிலும் உள்ளேயும் பெரிய சுவரொட்டி ஒட்டச் சொன்னது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சம்ஹிதாவின் 37-ஆம் பிரிவு, கைதானவர்களின் விவரத்தை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாவட்டத் தலைமையகத்திலும் காட்சிக்கு வைக்கச் சொல்கிறது. உங்கள் வாசகர்கள் அடுத்த முறை ஸ்டேஷனுக்குப் போகும்போது இதில் எத்தனை சுவரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு உங்களுக்கு எழுதட்டும்.

என் உறவினர் ஒருவர் சீட்டுப் பணத்தில் ஏமாந்து புகார் கொடுக்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். எஃப்ஐஆர் போடவில்லை, புகார் மனு வந்தது என்பதற்கு மட்டும் அத்தாட்சியான சிஎஸ்ஆர் ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அவர் அதையே வழக்குப் பதிவாகிவிட்டதற்கான சான்றாக நினைத்து மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டார். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்ஐஆர் கட்டாயம் என்பது 2013-ன் லலிதா குமாரி தீர்ப்பு. எஃப்ஐஆர் நகல் இலவசம் என்பதும், மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அந்த ரசீதின் பின்பக்கம் காலியாகத்தான் இருந்தது. இந்த நாலு வரியை அதில் அச்சடித்துக் கொடுக்க எவ்வளவு செலவாகும்?

மக்களுக்குச் சொல்வது பாதி வேலைதான். மீதி, காவலர்களுக்கே சொல்வது, அதுதான் கடினமானது என்றும் தோன்றுகிறது. ஏட்டையாக்களிடம் பேசிப் பார்த்தால் சீர்திருத்தம் என்றாலே தங்கள் கையைக் கட்டிப்போடும் ஏற்பாடு என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் காதுக்கு வருவது சஸ்பென்ஷன் செய்தி மட்டும்தானே. விசாரணைப் பிரிவையும் சட்டம் ஒழுங்கையும் பிரிப்பது அந்த ஏழு உத்தரவுகளில் ஒன்று. அது ஒழுங்காக நடந்தால், ராத்திரி பந்தோபஸ்து முடித்து வந்தவரே காலையில் கேஸ் டைரி எழுத உட்கார வேண்டியிருக்காது. ஆர்டர்லி முறையை 1979-லேயே அரசாணை போட்டு ஒழித்தார்கள், 2022-லும் சென்னை உயர் நீதிமன்றம் அதைக் கண்டிக்க வேண்டியிருந்தது. அதிகாரி வீட்டில் எடுபிடி வேலை பார்க்கும் காவலருக்குச் சீர்திருத்தம் விடுதலையாக அல்லவா இருக்க வேண்டும்? அதை அவருக்குப் புரிகிற தமிழில், ரோல்காலிலும் பயிற்சிப் பள்ளியிலும் சொல்ல வேண்டும். சொல்வதோடு நிற்காமல் அவர் திருப்பிச் சொல்வதைப் பெயர் போடாமல் வாங்கி மேலே கொண்டுபோகவும் வேண்டும். அதிகாரிகளின் சுற்றறிக்கையால் இது நடக்காது.

இன்னொன்று, தவறு நடந்த அன்று துறை என்ன பேசுகிறது என்பது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப்போய் இறந்துபோன தந்தையும் மகனும் தரையில் உருண்டதால்தான் உள்காயம் ஏற்பட்டது என்று எஃப்ஐஆரிலேயே எழுதினார்கள். பிறகு சிபிஐ ஒன்பது காவலர்கள் மேல் கொலைக் குற்றம் சாட்டியது. 2025 ஜூனில் திருப்புவனம் பக்கம் போலீஸ் விசாரணையில் இறந்த கோயில் காவலாளியைப் போலீஸார் அடித்த காட்சி, யாரோ மறைந்திருந்து எடுத்த வீடியோவாகத்தான் நமக்கு வந்து சேர்ந்தது. இப்படி ஒன்று நடந்த பிறகு, ‘காவல்துறை உங்கள் நண்பன்’ என்று சுவரில் எழுதினாலும், காவலர் பாட்டிக்குச் சாலை கடக்க உதவும் ரீல்ஸ் போட்டாலும் யார் மனதில் ஒட்டும்? காவலில் ஒருவர் இறந்தால் முதல் நாளே தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததை விசாரிக்கிறோம் என்றும், விசாரிப்பவர் யார், குடும்பம் யாரை அழைக்கலாம் என்றும் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்ட ஸ்டேஷன் சொல்கிற கதையை அப்படியே வாங்கிப் பத்திரிகைக் குறிப்பாக வெளியிடக் கூடாது என்று எழுத்தில் விதி வேண்டும். இதைச் செய்யாமல் பிம்பத்தை மெருகேற்ற ஒரு ரூபாய் செலவழித்தாலும் அது மக்கள் பணத்தை வீணாக்குவது.

வட அயர்லாந்தில் வேறு மாதிரி செய்தார்கள். அங்கே காவல்துறையை மாற்றியமைக்க வழி சொல்ல அமைத்த கிறிஸ் பேட்டன் தலைமையிலான ஆணையம் அறிக்கை எழுதும் முன்பே ஒவ்வொரு மாவட்டத்திலும் பொதுக்கூட்டம் போட்டது. பத்தாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள், ஆயிரம் பேருக்கு மேல் எழுந்து பேசினார்கள். முப்பது வருஷ ரத்தக்களரிக்குப் பிறகு, போலீஸை வெறுத்தவர்களும் போலீஸ் குடும்பங்களும் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். 1999-ல் 175 பரிந்துரைகள் வந்தன. அவற்றில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று வெளியிலிருந்து வந்த ஒரு மேற்பார்வை ஆணையர் 2007 வரை அறிக்கை மேல் அறிக்கையாகப் பகிரங்கமாக வெளியிட்டார். அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. கணக்கை மக்கள் முன்னால் வைத்தார்கள், அவ்வளவுதான், நம் ஏழு உத்தரவுகளுக்கு அப்படி ஒரு கணக்கை எந்த அரசும் தமிழில் மக்கள் முன் வைத்து நான் பார்த்ததில்லை.

காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது என்று மத்திய அரசு கைகாட்டும், மாநில அரசு நிதியையும் வழக்கையும் காட்டும். அதனால் பத்திரிகைகள் முதலில் தொடங்கலாம். டி.கே. பாசு விதிகள் பதினொன்றையும், எஃப்ஐஆர் மறுத்தால் என்ன செய்வது என்பதையும் வெட்டி ஒட்டிவைக்கும்படி எளிய தமிழில் ஒரு முழுப் பக்கம் போடுங்கள். ஏழு உத்தரவுகளின் நிலையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை உள்துறையிடம் கேட்டு வெளியிடுங்கள், பதில் வராவிட்டால் பதில் வரவில்லை என்றே அச்சிடுங்கள். பக்கம் வந்ததும் எங்கள் ஊர் நூலகத்திலும் டீக்கடைகளிலும் ஒட்டும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அருப்புக்கோட்டை