செயலாளரின் ஆண்டறிக்கை: "உவைக்கு இதிலை என்ன லாபம்?"

தலைவர் அவர்களுக்கும், காப்பாளர் ஐயாவுக்கும், கிராம அலுவலர் அவர்களுக்கும், கமக்காரர் அமைப்பு, மாதர் சங்கப் பிரதிநிதிகளுக்கும், சனசமூக நிலைய அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற கூட்டத்தின் அறிக்கை வாசித்து ஏற்றுக்கொள்ளப்பட்டதால் நேரே இவ்வாண்டு விடயங்களுக்கு வருகிறேன். மண்டபத்தின் மேற்குப் பக்கத் தகரம் மாற்றப்பட்டது. பத்திரிகை நாள்தோறும் வருகிறது. விளையாட்டுப் பக்கம் மட்டும் மத்தியானத்துக்குள் காணாமல் போய்விடுகிறது என்பது நூலகப் பொறுப்பாளரின் முறைப்பாடு. கார்த்திகை மழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது மண்டபத்தில் தங்கிய குடும்பங்களுக்கு இரவு பகலாகச் சமைத்த இளைஞர்களுக்கு நன்றி. சிரமதானம், கரப்பந்தாட்டம், முன்பள்ளி விழா வழமைபோல் நடந்தன. மின்கட்டண நிலுவை பற்றிப் பொருளாளர் சொல்வார். என்னிடம் கேட்க வேண்டாம்.

இனி, பல்கலைக்கழக விரிவுரையாளர்களையும் ஆராய்ச்சியாளர்களையும் அழைத்து எங்கள் பிள்ளைகளோடு இருத்திய சனிக்கிழமைகள் பற்றி. இதற்குக் கொஞ்சம் கூட நேரம் எடுப்பேன். காரணம், சென்ற பொதுக்கூட்டத்தில் மூத்த அங்கத்தவர் ஒருவர் எழும்பிக் கேட்ட கேள்வி: "உவை ஏன் வருகினம்? உவைக்கு இதிலை என்ன லாபம்?"

கேள்வி நியாயமானது. மீள்குடியேறிய காலத்தில் இந்த ஒழுங்கைக்குள் வராத வாகனம் இல்லை. பதாகை கட்டி, பிள்ளைகளுக்குப் புத்தகப் பை கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போன ஒரு நிறுவனம் அதன் பிறகு இந்தப் பக்கம் தலை காட்டவே இல்லை. பையும் கிழிந்துபோயிற்று. வருகிறவர் எதற்காக வருகிறார் என்று கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு. அந்த ஐயாவையே முதல் சனிக்கிழமை முன்வரிசையில் இருத்தினோம். வந்தவர்களிடம் அவர் கூச்சமில்லாமல் கேட்டார்.

பௌதிகம் படிப்பிக்கும் விரிவுரையாளர் முதலில் மைக்கல் பரடேயின் கதையைச் சொன்னார். கொல்லரின் மகன், புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர். கடைக்கு வந்த ஒருவர் கொடுத்த நுழைவுச்சீட்டில் 1812 இல் லண்டன் ரோயல் இன்ஸ்ரிரியூசன் என்ற விஞ்ஞான நிறுவனத்தில் இரசாயனவியலாளர் ஹம்பிரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டார். அடுத்த ஆண்டே அங்கு உதவியாளராகச் சேர்ந்தார். 1825 இல் அங்கே இளையோருக்கான நத்தார் விரிவுரைகள் தொடங்கின. பரடே தானே 19 ஆண்டுகள் அவற்றை நடத்தினார். டைனமோவுக்கு அடித்தளமிட்ட மனிதர் பிள்ளைகளுக்கு மெழுகுதிரி எப்படி எரிகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். "எனக்கு ஒருவர் கதவு திறந்துவிட்டவர், நானும் திறக்கவேணும் எண்டுதான் ஐயா" என்றார் விரிவுரையாளர். இலவசக் கல்வி 1945 இல் வந்திராவிட்டால் தன் குடும்பத்தில் ஒருவரும் பல்கலைக்கழக வாசல் மிதித்திருக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். ஐயா தலையாட்டினார், ஆனால் திருப்திப்படவில்லை. "நன்றிக்கடன் ஒருக்காத்தான் வரப் பண்ணும். திரும்பவும் வரப் பண்ணாது" என்றார்.

சரியான விடை இரண்டாம் சனிக்கிழமை வந்தது. நிலத்தடி நீர் ஆராய்ச்சி செய்யும் பெண் விரிவுரையாளர் ஒருவர், வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்திலைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அடியில் வெள்ளையாய்ப் படிந்த கல்லைக் கரண்டியால் சுரண்டித் தட்டில் போட்டு, பாதித் தேசிக்காயைப் பிழிந்தார். சீறிக்கொண்டு நுரைத்தது. கல்சியம் காபனேற்று அமிலத்தோடு சேர்ந்து காபனீரொட்சைட்டை விடுகிறது என்பதைத் தரம் 10 பிள்ளைகள் புத்தகத்தில் எப்போதோ பாடமாக்கியிருந்தார்கள். தங்கள் வீட்டுக் கேத்திலில் அது சத்தம் போட்டபோதுதான் வாய் திறந்தார்கள். "அப்ப இந்தக் கல்லுத்தானே மிஸ் கிட்னிக்குள்ளையும் போய் இருக்குது?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். அந்தப் பிள்ளையின் பெரியப்பா இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வருகிறவர்.

விரிவுரையாளர் மழுப்பவில்லை. சிறுநீரகக் கல்லில் பெரும்பாலானவை கல்சியம் ஒட்சலேற்று, கேத்தில் கல் வேறு. 1990களில் வடமத்திய மாகாணத்தில் அடையாளம் காணப்பட்ட, வவுனியாப் பக்கமும் இருக்கிற நாட்பட்ட சிறுநீரக நோய் கல்லே அல்ல, அதன் காரணம் பற்றி ஆராய்ச்சியாளர் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை என்றார். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், கொஞ்சம் கல்லும் படிந்து கழியும். தண்ணீரில் கரைந்திருக்கும் புளோரைட்டு மட்டும் போகாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக மிஞ்சிய தண்ணீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். இதைக் கேட்டு அன்று பின்னேரமே சில அம்மாமார் என்னிடம் விளக்கம் கேட்டு வந்தார்கள்.

பிறகு ஐயாவின் கேள்விக்கு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "எனக்கு உங்கடை கிணத்துத் தண்ணி வேணும் ஐயா. போன வருசம் என்ரை மாணவர் போத்தலோடை வந்தபோது ஒருதரும் படலை திறக்கேல்லை." அதோடு, பல்கலைக்கழகப் பிள்ளைகள் பிழையாகிவிடுமோ என்ற பயத்தில் கேள்வியே கேட்பதில்லை, இந்தப் பிள்ளை கேட்டது போல் ஒரு கேள்வி தனக்கு மாதக்கணக்காக வரவில்லை என்றார். பதவி உயர்வுப் புள்ளியில் சமூகப் பணிக்கும் சிறிய இடமுண்டு என்பதையும் மறைக்கவில்லை. அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றம்கூட 1997 முதல் ஆராய்ச்சிப் பணம் கேட்பவரிடம் சமூகத்துக்கு என்ன பயன் என்று எழுதித் தரச் சொல்கிறதாம்.

"அப்ப சுயநலம்தான்" என்றார் ஐயா, ஆனால் சிரித்துக்கொண்டு. அடுத்த கிழமை முதலாவது போத்தல் அவர் கிணற்றில்தான் நிரம்பியது. என் அபிப்பிராயமும் இதுதான்: லாபம் இன்னதென்று முகத்துக்கு நேரே சொல்கிறவரை நம்பலாம். எங்களிடம் தேவை உள்ளவர் திரும்பி வருவார். தருமம் செய்ய வருகிறவரை மறுதரம் எதிர்பார்க்க முடியாது.

மார்கழியில் பூச்சியியல் ஆராய்ச்சியாளர் ஒருவர் பிள்ளைகளை வாய்க்கால் கரை வயலுக்கே இறக்கினார். நெல்லின் அடித்தண்டைத் தட்டி, வெள்ளைத் தட்டில் விழுந்ததைக் கைவில்லையால் பார்க்கச் செய்தார். நெல்லின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சியும் விழுந்தது, அதைத் தின்னும் சிலந்தியும் விழுந்தது. கண்டபடி மருந்தடித்தால் சிலந்தி செத்துப்போகும், அறக்கொட்டி முன்னையிலும் கூடப் பெருகும் என்றார். வரம்பில் நின்ற தகப்பன்மார் இதை விரும்பிக் கேட்டதாகத் தெரியவில்லை. அந்த நேரம் ஒரு பொடியன், "சேர், இது ராவைக்கு எங்கடை கடை ரியூப் லைற்றிலை குவியும், நிலவு இல்லாத நாளிலை இன்னும் கனக்க" என்றான். அவர் உடனே கொப்பியை எடுத்து எந்தக் கிழமை, எந்தக் கடை என்று எழுதினார். அறக்கொட்டி வரவை வெளிச்சப் பொறி வைத்துத்தான் கணிப்பார்களாம். இப்போது அந்தப் பொடியன் திகதி போட்டு எழுதி அவருக்கு அனுப்புகிறான்.

"வேலை இல்லாதவைதான் சின்னப் பிள்ளையளிட்டை வருவினம்" என்று இன்னோர் அங்கத்தவர் சொன்னதற்கும் பதில் உண்டு. பிரான்சின் தேசிய ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகளைப் பற்றி 2008 இல் வெளியான ஆய்வில், பொதுமக்களிடம் போகிறவர்களே ஆராய்ச்சியிலும் முனைப்பாக இருப்பது தெரியவந்தது. எது எதற்குக் காரணம் என்பது வேறு கதை.

ஒரு சனிக்கிழமை பிள்ளைகளிடம் ஒரு விஞ்ஞானியைக் கீறச் சொன்னார்கள். 1983 இல் வெளியான பழைய ஆய்வொன்றில் 4807 பிள்ளைகள் கீறியதில் 28 படங்களில்தான் பெண் விஞ்ஞானி இருந்தாராம், அவற்றைக் கீறியதும் பெண்பிள்ளைகளே. எங்கள் படங்களிலும் தாடி, கண்ணாடி, வெள்ளைக் கோட்டுக்குக் குறைவில்லை. ஒரு பிள்ளை மட்டும் எங்கள் விவசாயப் போதனாசிரியரை ஹெல்மெற்றோடு கீறியிருந்தது. அவர் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் போனார்.

குறையும் சொல்லவேண்டும். ரியூசன் வகுப்புகளால் தரம் 11 பிள்ளைகள் அனேகமாக வரவில்லை. ஒருமுறை தலைவர் உரை, வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் முடிய வெயில் ஏறி, பரிசோதனைக்கு நேரமே மிஞ்சவில்லை. ஆகவே நிர்வாக சபை சார்பில் முன்மொழிவது: இனிப் பொன்னாடை, மாலை வேண்டாம், அந்தக் காசில் கைவில்லை வாங்குவோம். கிணற்று நீர் முடிவுகளை அந்தந்த வீட்டாருக்குத் தமிழில் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டால் மட்டுமே மாதிரி எடுக்க ஒத்துழைப்போம். அறிவிப்புப் பலகையில் வீட்டுப் பெயர் போடக்கூடாது. ரியூசன் ஆசிரியர்களோடு பேசி மாதம் ஒரு சனிக்கிழமையை விடுவிக்கக் கேட்போம். அடுத்த சந்திப்பு அறுவடை முடிந்து மாசியில்.

இந்த முன்மொழிவுகளைச் சபை விவாதித்து முடிவு செய்யட்டும். மண்டபத் திறப்பும் கூட்டக் குறிப்புப் புத்தகமும் புதிய செயலாளர் தெரிவானதும் அவரிடம் ஒப்படைக்கப்படும்.

செயலாளர்